லீக் கோப்பை யாருக்குச் சுமை, யாருக்கு வாசல்?

கால்பந்து கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் லீக் கோப்பையை, அதாவது இன்றைய பெயரில் கரபாவ் கோப்பையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் அதற்கே இடம்.

ஒரே நாட்டில் எஃப்.ஏ. கோப்பை, கரபாவ் கோப்பை என்று இரண்டு நாக்-அவுட் போட்டிகள் எதற்கு? (மதுரை வாசகர்)

இரண்டையும் நடத்துபவர்கள் வேறு வேறு. எஃப்.ஏ. கோப்பை 1871-72இல் தொடங்கியது. நடத்துவது இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.). ஊர்ப்புற அமெச்சூர் அணிகள் உட்பட 700க்கும் மேற்பட்டவை அதில் இறங்குகின்றன. லீக் கோப்பை 1960-61இல் வந்தது. உச்ச டிவிஷனான பிரீமியர் லீகின் 20, அதற்குக் கீழுள்ள மூன்று டிவிஷன்களின் 72, ஆக மொத்தம் 92 அணிகளுக்கு மட்டுமே அனுமதி.

அன்றைய ஃபுட்பால் லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் இதைக் கொண்டுவந்த காலத்தில்தான் மைதானங்களில் மின்விளக்குகள் பரவலாக வந்திருந்தன. வார நடுவில் இரவு ஆட்டம் வைக்கலாம், டிக்கெட் விற்கலாம் என்பது கணக்கு. தொடக்கத்தில் பல பெரிய அணிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1967இல் இறுதி ஆட்டத்தை லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்கு மாற்றி, வெல்லும் முதல் டிவிஷன் அணிக்கு ஐரோப்பியப் போட்டியில் இடமும் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த முதல் வெம்ப்ளி இறுதியிலேயே மூன்றாம் டிவிஷனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 0-2 என்று பின்தங்கி, வெஸ்ட் பிராமை 3-2 என்று வென்றது. 1969இல் இன்னொரு மூன்றாம் டிவிஷன் அணியான ஸ்விண்டன், ஆர்சனலைக் கூடுதல் நேரத்தில் 3-1 என்று வீழ்த்தியது. இரண்டாவது கோப்பை யாருக்காக இருக்கிறது என்பதை இந்த இரண்டு ஆட்டங்களும் அப்போதே காட்டிவிட்டன.

பெயர் ஸ்பான்சரைப் பொறுத்து மாறும். மில்க் கோப்பை, கோகோ கோலா கோப்பை, கார்லிங் கோப்பை எல்லாம் இதேதான். 2017 முதல் தாய்லாந்தின் எனர்ஜி டிரிங்க் நிறுவனமான கரபாவ்.

வென்றால் கிடைப்பது 1 லட்சம் பவுண்டுதான் என்கிறார்கள். பெரிய அணிகளோ ரிசர்வ் ஆட்களை இறக்குகின்றன. இனி இந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு? (திருநெல்வேலி வாசகர்)

பணக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். 1 லட்சம் பவுண்டு என்பது நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். எஃப்.ஏ. கோப்பையை வென்றால் அதைப் போல் சுமார் 20 மடங்கு. பிரீமியர் லீக் பட்டியலில் ஒரே ஒரு இடம் மேலே ஏறினால் சுமார் 30 லட்சம் பவுண்டு. ஐரோப்பாவின் முதல்நிலை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் கால் வைத்தாலே 1 கோடியே 86 லட்சம் யூரோ. இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை இரவில் ஒரு மேலாளர் ஏன் எட்டு பேரை மாற்றுகிறார் என்பது புரியும். சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் முக்கிய வீரருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் அவருக்கு நட்டம் பல மடங்கு.

ஆனால் இந்தக் கணக்கு முதல் ஆறு, ஏழு அணிகளுக்கு மட்டுமே பொருந்தும். நியூகாசிலைப் பாருங்கள். 2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். 1955 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு உள்நாட்டில் அவர்கள் தொட்ட முதல் பெரிய கோப்பை அது. எழுபது வருடம்! தாத்தா பார்த்ததைப் பேரன் பார்க்காமலே வளர்ந்த ஊர் அது. முதல் கோலை அடித்த டான் பர்ன் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவர். கார்னர் உதைக்கும்போது கோல் வாயிலில் முண்டியடிக்காமல், தள்ளி நின்று ஓடிவந்து தலையால் முட்டினார். லிவர்பூல் வீரர்கள் கோல் பகுதியைக் காத்து நிற்க, ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ள பர்னைக் கவனிக்கக் குட்டையான மக் அலிஸ்டர் மட்டும் இருந்தார். அந்த ஊர்க்காரரிடம் போய் “பரிசு 1 லட்சம்தானே” என்று சொல்லிப் பாருங்கள்.

கீழ் டிவிஷன் அணிகளுக்குப் பரிசுத்தொகையைவிட டிக்கெட் வருமானம் முக்கியம். லீக் ஆட்டத்தில் வசூல் உள்ளூர் அணிக்கே போகும். இந்தக் கோப்பையில் செலவு போக இரு அணிகளுக்கும் சமபங்கு. எனவே நான்காம் டிவிஷன் அணி ஒன்று ஒரு பெரிய மைதானத்துக்குப் போய்த் தோற்றாலும் கை நிறையக் காசோடுதான் திரும்பும். ஆட்டம் தொலைக்காட்சிக்குத் தேர்வானால் அதற்கும் தனித் தொகை உண்டு.

இனி ரிசர்வ் ஆட்களை இறக்குவது பற்றி. அதைக் குற்றமாக நாங்கள் பார்க்கவில்லை. எப்படி இறக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பதினொரு பேரையும் மாற்றினால் அணி பெரும்பாலும் தடுமாறும். காரணம் திறமைக் குறைவு மட்டுமில்லை. இதுவரை சேர்ந்து ஆடாத நான்கு தடுப்பாட்டக்காரர்களும் புது கோல்கீப்பரும் ஒன்றாக நின்றால், ஆஃப்சைடு கோட்டை எப்போது முன்னே தள்ளுவது, உயரப் பந்துக்கு யார் குரல் கொடுப்பது என்பதெல்லாம் குழம்பிவிடும். விவரமான மேலாளர்கள் நடு முதுகெலும்பை விடமாட்டார்கள். ஒரு சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்), ஒரு நடுக்கள வீரர், முடிந்தால் ஒரு ஸ்ட்ரைக்கர் என்று மூவரை வழக்கமானவர்களாகவே வைத்து, ஓரங்களில் இளைஞர்களை இறக்குவார்கள். பெஞ்சில் மூன்று நட்சத்திரங்கள் இருப்பார்கள். ஆட்டம் சிக்கலானால் 60ஆவது நிமிடத்தில் அவர்கள் வருவார்கள்.

அந்த 60 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018-19 முதல் தொடக்கச் சுற்றுகளில் கூடுதல் நேரம் கிடையாது. 90 நிமிடம் முடிந்து சமநிலை என்றால் நேராகப் பெனால்டி. “கடைசி அரைமணியில் களைத்துவிடுவார்கள், அப்போது அடிக்கலாம்” என்று பெரிய அணி காத்திருக்க முடியாது. சிறிய அணிக்கு இதைவிட நல்ல விதி வேறில்லை.

2025 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அப்படித்தான் மாட்டியது. அந்த சீசனில் ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாததால் அவர்கள் இரண்டாம் சுற்றிலேயே இறங்க வேண்டியிருந்தது. (ஐரோப்பாவில் ஆடும் அணிகள் மூன்றாம் சுற்றில் வந்தால் போதும்.) எதிரே நான்காம் டிவிஷனின் கிரிம்ஸ்பி. இடைவேளைக்குள் 2-0 என்று முன்னே போனது கிரிம்ஸ்பி. யுனைடெட் 75, 89ஆவது நிமிடங்களில் இரண்டையும் திருப்பியது. பழைய விதி இருந்திருந்தால் அடுத்த அரைமணி நேரம் யுனைடெட் கையில்தான். விதி மாறியிருந்ததால் பெனால்டி. பதினொரு பேரும் அடித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 12-11 என்று கிரிம்ஸ்பி வென்றது.

இதிலிருந்து பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: பெனால்டிக்கு ஐந்து பேர் பட்டியல் போதாது, பதினொன்று வரை எழுதி வையுங்கள். 2022 இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான். கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0, பெனால்டியில் இரு அணிகளிலும் பதினொரு பேரும் அடிக்க வேண்டி வந்தது. லிவர்பூல் கோல்கீப்பர் கெலஹர் அடித்தார். பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் செல்சி களமிறக்கிய கோல்கீப்பர் கெபா பந்தை மேலே தூக்கிவிட்டார். 11-10.

வென்றால் ஐரோப்பாவில் ஆடலாமா? (சேலம் வாசகி)

ஆடலாம். இப்போது ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் பிளே-ஆஃப் சுற்றில் (பிரதான சுற்றுக்கு முந்தியது) இடம். ஆனால் வென்ற அணி லீக் பட்டியல் வழியாகவே இதைவிடப் பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டால், அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்கும் அணிக்கு நகரும். 2025இல் நியூகாசில் ஐந்தாவதாக முடித்து சாம்பியன்ஸ் லீகுக்குப் போனதால் அதுதான் நடந்தது. ஆக, ஏழாம் எட்டாம் இடத்தில் இருக்கும் அணியின் ரசிகர்கள், இறுதி ஆட்டத்தில் எந்தப் பெரிய அணி ஜெயித்தாலும் கொஞ்சம் மகிழலாம்.

இதன் மறுபக்கம் பர்மிங்ஹாம் சிட்டி. 2011இல் ஆர்சனலை 2-1 என்று வென்று கோப்பை எடுத்தார்கள். அதே சீசனில் பிரீமியர் லீகிலிருந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டே ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகிலும் ஆடினார்கள். கோப்பைதான் அவர்களைக் கவிழ்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆள்பலம் குறைந்த அணிக்குக் கூடுதல் ஆட்டங்கள் பாரம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஊரில் கேட்டால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிப்பவர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

ஜனவரியில் அணி மாறிய வீரர் புது அணிக்கு இந்தக் கோப்பையில் ஆடலாமா? (புதுச்சேரி வாசகர்)

முன்பு ஒரு சீசனில் ஓர் அணிக்கு ஆடிவிட்டால் இன்னோர் அணிக்கு ஆட முடியாது. இப்போது அது தளர்ந்துவிட்டது. அன்டுவான் செமெனியோ 2025 ஆகஸ்டில் போர்ன்மத்துக்காக இந்தக் கோப்பையில் ஆடினார். 2026 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து, அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவதில் கோலும் அடித்தார். ஆனால் அந்த முதல் ஆட்டத்துக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும். அதே சிட்டிக்குச் சில நாள் தாமதமாக வந்த மார்க் கேஹிக்கு அதனால்தான் இடம் கிடைக்கவில்லை.

பதிவு விஷயத்தில் அலட்சியம் கூடாது. மேலே சொன்ன கிரிம்ஸ்பி வெற்றியிலேயே ஒரு கறை உண்டு: ஒரு வீரரின் பதிவு நண்பகல் 12 மணிக் கெடுவைத் தாண்டி 12.01க்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஆடியதற்கு 20,000 பவுண்டு அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. 2019இல் லிவர்பூலுக்கு, சர்வதேச அனுமதி வராத ஒருவரை இறக்கியதற்காக 2 லட்சம் பவுண்டு; அதிலும் பாதி நிறுத்திவைப்பு. இரண்டு அணிகளையும் வெளியேற்றவில்லை.

அரையிறுதி மட்டும் ஏன் இரண்டு ஆட்டம்? அதைக் குறைத்தாலே வீரர்களுக்கு ஓய்வு கிடைக்குமே? (தஞ்சாவூர் வாசகர்)

கொரோனா காலத்தில், 2020-21இல், ஒரே ஆட்டமாக நடத்தினார்கள். பெரிய அணிகளின் மேலாளர்கள் அதையே நிரந்தரமாக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. 2013இல் நான்காம் டிவிஷனின் பிராட்ஃபோர்ட், ஆஸ்டன் வில்லாவைச் சொந்த மண்ணில் 3-1 என்று வென்று, வில்லா பார்க்கில் 1-2 என்று தோற்று, மொத்தத்தில் 4-3 என்று வெம்ப்ளிக்குப் போனது. ஒரே ஆட்டம் என்று குலுக்கி வில்லா பார்க் விழுந்திருந்தால்? இறுதியில் ஸ்வான்சியிடம் 0-5 என்று தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அரையிறுதி ஆட்டம் ஒன்று சொந்த ஊரில் நடப்பதே அத்தகைய அணிக்குப் பெரிய வரவு.

பிரான்ஸ் தன் லீக் கோப்பையை மூடிவிட்டது. இங்கிலாந்தும் மூடுமா? (கொழும்பு வாசகர்)

பிரான்ஸில் அது 1994-95இல் தொடங்கி 2020 ஜூலையில் முடிந்தது. ஒளிபரப்ப வாங்குவார் இல்லை என்பதே காரணம். ஒன்பது முறை பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி.யே எடுத்தது. ஆனால் 2000இல் அதே பி.எஸ்.ஜி.யை இரண்டாம் டிவிஷனின் குனியோன் 2-0 என்று வென்ற வாசலும் அதோடு அடைபட்டுப் போனது. போர்ச்சுகல் வேறு வழி எடுத்தது: 2024-25 முதல் எட்டே அணிகள். ஆட்டங்கள் குறைந்தன. ஆனால் பெரும்பாலான சிறிய அணிகள் வெளியே நிற்கின்றன.

ஸ்காட்லாந்தின் ஏற்பாடு எங்களுக்குப் பிடித்தது. ஜூலையில் குழுச் சுற்று, டிசம்பருக்குள் இறுதி. சீசனுக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களுக்குப் பதில் நிஜ ஆட்டங்கள். ஐரோப்பிய இடம் எதுவும் கிடையாது. இருந்தும் 2025 டிசம்பரில் செல்டிக்கை 3-1 என்று வென்ற செயின்ட் மிரன் ரசிகர்களின் மகிழ்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

இங்கிலாந்தில் மூடுவது எளிதல்ல. கீழ் மூன்று டிவிஷன்களின் லீக் அமைப்பு (இ.எஃப்.எல்.) ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 2024-25 முதல் ஐந்தாண்டுக்கு 93.5 கோடி பவுண்டுக்கு விற்ற தொகுப்பில் இந்தக் கோப்பையும் அடக்கம். பெரிய பெயர்கள் வருவது இதில்தான். இதை உருவினால் 72 அணிகளின் வருமானம் சரியும். பதிலுக்கு, ஆட்டச் சுமையைக் குறைக்க, எஃப்.ஏ. கோப்பையில் சமநிலைக்குப் பிறகு நடந்த மறு ஆட்டங்களை 2024-25இல் எடுத்துவிட்டார்கள். கரபாவ் கோப்பையின் மூன்றாம் சுற்றை இரண்டு வாரமாகப் பிரித்தார்கள். நெருக்கடி தீரவில்லை, மூச்சுவிட இடம் கிடைத்தது.

மூன்றாவதாக இ.எஃப்.எல். டிராஃபி என்று ஒன்று இருக்கிறதாமே? (ஈரோடு வாசகர்)

மூன்றாம், நான்காம் டிவிஷன்களின் 48 அணிகளுக்கானது. 2016-17 முதல் பெரிய அணிகளின் 21 வயதுக்குட்பட்ட அணிகள் 16 சேர்க்கப்பட்டன. ரசிகர்கள் புறக்கணித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானதே. குழு ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஆனால் 2019 இறுதிக்கு, போர்ட்ஸ்மத்தும் சண்டர்லாந்தும் மோதியபோது, வெம்ப்ளியில் 85,021 பேர்.

நம் நாட்டில் இப்படி ஒரு கோப்பைக்குப் பயன் உண்டா? (சென்னை வாசகி)

உண்டு. இந்தியாவின் சூப்பர் கோப்பையை வெல்லும் அணிக்கு, ஆசியாவின் இரண்டாம் நிலை கிளப் போட்டியான ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் டூவின் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்து வந்திருக்கிறது. எஃப்.சி. கோவா 2025 மே மாதம் ஜாம்ஷெட்பூரை 3-0 என்று வென்று அதை எடுத்தது. ஆகஸ்டில் ஓமானின் அல் சீபை 2-1 என்று தாண்டியது. அதன் பலனாக அக்டோபரில் சவூதியின் அல் நஸ்ர் கோவாவின் ஃபதோர்டா மைதானத்துக்கு வந்து ஆடியது. அந்த அணியின் ரொனால்டோ வரவில்லை, கோவா 1-2 என்று தோற்றது. ஐ.எஸ்.எல். தொடங்கத் தாமதமான அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அணிகளுக்குக் களம் கொடுத்ததும் அடுத்த சூப்பர் கோப்பைதான். டிசம்பரில் ஈஸ்ட் பெங்காலைப் பெனால்டியில் வென்று, அதையும் கோவாவே எடுத்தது.