கிளினிக்கல் சைக்காலஜியில் ஆய்வு முதுநிலை: சேரும் முன் பார்க்க வேண்டியவை

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் ஆச்சிக்கு வணக்கம்.

மகள் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு, ஆய்வை மையமாகக் கொண்ட முதுநிலைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறார். முடித்ததும் காரைக்குடியில் கிளினிக் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. இரண்டு வருடமும் பணமும் போன பிறகு இது தெரியவந்தால் பெரிய வேதனை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணிபுரிய, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) ஏற்ற படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்தத் தகுதியைத்தான் கேட்கிறது. நேரடி மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பெறும் பயிற்சிதான் இதில் முக்கியம். பல காலமாக இதற்கான வழி, முதுநிலைக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கையால் எம்.ஃபில். நிறுத்தப்பட்டபோது, இந்தப் பாடத்துக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விலக்கு கொடுத்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. அதனால் கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், படிப்பின் சரியான பெயர், ஒப்புதல் எந்தக் கல்வியாண்டு வரை, எத்தனை இடங்கள் என நான்கையும் பாருங்கள். "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று பட்டத்தில் அச்சாகியிருப்பதாலேயே பதிவு கிடைத்துவிடாது. தபால்வழியில் படிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது.

அப்படியானால் ஆய்வு முதுநிலை எதற்கு? பி.எச்டி., பேராசிரியர் வேலை, மருத்துவமனைகளின் ஆய்வுத் திட்டங்கள் இவற்றுக்கு அதுதான் சரியான அடித்தளம். பி.எச்டி.யில் சேர முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. யு.ஜி.சி. நெட் தேர்வில் சைக்காலஜி ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் பி.எச்டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வெளிநாடு போவதானாலும் இதே கணக்குதான். பிரிட்டனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முனைவர் நிலைப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவிலும் உரிமம் பெற்ற சைக்காலஜிஸ்டுக்குப் பொதுவாக முனைவர் பட்டம் கேட்பார்கள். அங்கே ஆய்வு முதுநிலை, முனைவர் படிப்புக்கான ஒரு படி.

ஆய்வுதான் மகளுக்குப் பிடித்தது என்றால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் ஆய்வேட்டில் இருக்கிறது, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஊரை வைத்தே ஒரு தலைப்பு எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தனியாக வாழும் முதியவர்களின் மனச்சோர்வு. நல்ல தலைப்பு, ஆனால் இப்படியே விட்டால் அகலம் அதிகம். "பிள்ளைகளோடு வாரம் எத்தனை முறை பேசுகிறார்கள் என்பதற்கும் மனச்சோர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா?" என்று சுருக்கினால்தான் அளக்க முடியும்.

அளவுகோலாக முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்வி வடிவம் பொருந்தும். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும், கட்டணமும் இல்லை. 5-க்கு மேல் வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழ் வடிவத்தைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. ஒருவர் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு, சிலரிடம் வாசித்துக் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்? நடுத்தர அளவுத் தொடர்பு (தொடர்புக் கெழு 0.3) உண்மையில் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்க 85 பேர் வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள், எனவே 100 பேரைத் திட்டமிடலாம். முப்பது பேரை வைத்து "தொடர்பு இல்லை" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

நேரமும் இடமும் பார்க்க வேண்டும். படைப்புக்கும் (முன்னோருக்கான குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும் வீடு நிறைந்திருக்கும் நாட்களில் கேட்டால் மதிப்பெண் மாறும். முகப்பில் உட்கார்ந்து கேட்டால் தெருவில் போகிறவர் காதில் விழும். மருமகள் பக்கத்தில் நின்றால் எந்த அப்பச்சியும் உண்மையைச் சொல்ல மாட்டார். தனி அறை கிடைக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியை வாசித்துக் காட்டலாம். ஒப்புதல் படிவத்தில் அவர் கைரேகை வைக்கும்போது, குடும்பத்தைச் சேராத சாட்சி ஒருவர் இருக்கட்டும்.

இத்தனைக்கும் முன்னால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு முன் சேகரித்த தரவைப் பயன்படுத்தக் கூடாது. சேகரித்த பிறகு பழைய தேதி போட்டு ஒப்புதல் வாங்குவதும் செல்லாது. குழு கூடும் தேதிகளை முதல் செமஸ்டரிலேயே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். பேட்டியில் யாராவது உயிரை விட வேண்டும் என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: பேட்டியை நிறுத்துவது, தனியே விடாமல் உடன் இருப்பது, ஆய்வு வழிகாட்டிக்கு உடனே சொல்வது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவது, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுப்பது. இந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வழிகாட்டி கடைசியாக வெளியிட்ட கட்டுரைகளைத் தேடிப் படிக்கட்டும். ஒரே சமயத்தில் எத்தனை மாணவர்களை அவர் பார்க்கிறார், மாணவர் பெயரும் கட்டுரையில் வருகிறதா என்று சீனியர்களிடம் கேட்கட்டும். மகளை உட்கார வைத்து ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள்: பத்து வருடம் கழித்து தினமும் நோயாளிகளோடு இருக்க ஆசையா, தரவோடும் எழுத்தோடும் இருக்க ஆசையா? நோயாளிகள் என்று சொன்னால், கட்டணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. பட்டியலைத் திறந்து அவரோடு சேர்ந்து பாருங்கள்.