பகுதியெண்ணில் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பில் பட்டமேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் வைத்தியர். புள்ளிவிபரவியல் விரிவுரை எதுவும் எனக்கு ஏறவில்லை. கணக்கு என்றாலே பயம். ஆய்வொன்றைச் செய்துகொண்டே அதைக் கற்றுவிடலாம் என்கிறார்கள். சாத்தியமா? எந்த மென்பொருள் நல்லது? நீரிழிவுக் கிளினிக்கில் தரவு சேகரித்து முடித்துவிட்டேன். திரும்பி வராத 17 பேரை நீக்கியாயிற்று. இனிப் பி பெறுமானம் (கண்ட வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதா என்று காட்டும் எண்) எடுத்துத் தர ஒருவரைத் தேடுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மென்பொருள் எதுவானாலும் சரி. கணக்குப் பயத்துக்கு மட்டும் ஓர் ஆறுதல் சொல்கிறேன். வைத்தியர்களுக்குப் புள்ளிவிபரவியலைப் புரியவைத்த பிராட்ஃபோர்ட் ஹில், காசநோயால் மருத்துவம் படிக்க முடியாமற்போய்த் தபால்வழியில் பொருளியல் பட்டம் பெற்றவர். அவர் வடிவமைத்து 1948 இல் வெளியான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வு அதே காசநோயைப் பற்றியது: ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். எல்லாருடைய கண்ணும் 4 இலும் 14 இலும்தான் நிற்கும். பின்னக் கோட்டுக்குக் கீழே, பகுதியெண்ணில் நிற்கும் 55 ஐயும் 52 ஐயும் ஒருவரும் விடுபடாமல் யார் காத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. பயிலுநராக இருந்தபோது, ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் இரண்டு மாதம் எலிக்காய்ச்சல் நோயாளரின் பி.எச்.ரி.களை (வாட்டுச் சிகிச்சைப் பதிவுகளை) புரட்டிக் கொப்பியில் குறித்தேன். இறந்தவர் அநேகமாக ஒருவருமில்லை. எங்கள் வாட்டின் சிகிச்சையை எண்ணிப் பூரித்துப் போனேன். ஒருநாள் மாலை, அங்கிருந்த வயதான சிங்கள அலுவலர் பிளேன்ரீயை உறிஞ்சியபடி, இறந்தவர்களின் கட்டு அடுத்த அறை அலுமாரியில் இருக்கிறது, அது வேண்டாமா என்று சாதாரணமாகக் கேட்டார். அலுமாரியைத் திறந்து எடுத்த முதற் கட்டிலேயே என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. இரவுக் கடமையில் நானே அனுமதித்த மனிதர், விடியுமுன் போய்விட்டார். அவருடைய முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் என் அட்டவணையில் இல்லை என்பது மட்டும் இரண்டு மாதமாக எனக்கு உறைக்கவில்லை.

தெரிவுச் சார்பு, அதாவது யார் கணக்கில் வருகிறார்கள் என்பதாலேயே முடிவு கோணிப்போவது, என்ற சொல்லை அதற்கு முன் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

இப்போது உமது 17 பேருக்கு வருவோம். நீக்கியாயிற்று என்று எவ்வளவு இலேசாக எழுதியிருக்கிறீர்! அவர்களில் ஒருவர் நாட்கூலியை இழக்க முடியாமல் நின்றிருக்கலாம், ஒருவர் தனியார் வைத்தியரிடம் போயிருக்கலாம், ஒருவருக்குக் கால் அகற்றப்பட்டிருக்கலாம், ஒருவர் இறந்திருக்கலாம். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களே ஒழுங்காகக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்றால், உமது சராசரி சிகிச்சையின் பலனை அளக்கவில்லை, வரிசையில் நிற்கும் பொறுமையை அளக்கிறது. எந்தப் பி பெறுமானமும் இதைத் திருத்தாது. ஆய்வு முடிந்தபின் புள்ளிவிபரவியலாளரிடம் போவது பிரேத பரிசோதனை கேட்பதற்கு ஒப்பாகும் என்று 1938 இல் இந்தியப் புள்ளிவிபரவியல் மாநாட்டில் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர் சொன்னார். நீர் வைத்தியர், அந்த உவமையை உமக்கு விளக்கத் தேவையில்லை.

ஆய்வு செய்து கற்கலாமா என்றால், கற்கலாம், தரவை நீரே தொட்டால். தாதியிடமோ கடைநிலை மாணவரிடமோ படிவத்தைக் கொடுத்துவிட்டு அறையில் இருந்தால் விரிவுரையே மேல்.

கிளினிக் கொப்பியில் அந்த 17 பேரின் தொலைபேசி எண்கள் இருக்கும். ஆய்வு அனுமதியில் இடமிருக்கிறதா என்று உமது மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக அழையும். யாராவது ஒருவருடைய மனைவி எடுத்து அழுதால், வைத்துவிடாதேயும். பிறகு எனக்கு எழுதும்.