இரண்டு தெருதானே?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். நண்பர் லேசாகக் குடித்திருந்தார். நான் தொடவே இல்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தானே என்று அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். போலீசார் மடக்கி, என் மீதும் சேர்த்து வழக்குப் போட்டுவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். அந்த 'இரண்டு தெரு' என்னை உறுத்துகிறது.

நம் பக்கத்துத் தெருக்களை நீங்களும் அறிவீர்கள். வாசற்படியிலிருந்து கால் எடுத்து வைத்தால் சாலை. நடுவில் நடைபாதை கிடையாது. கோடையில் மின்சாரம் போனால் கட்டில் வாசலுக்கு வந்துவிடும். பாட்டி அதில் படுத்திருப்பார், காலடியில் பேரன் உறங்குவான். தெருமுனையில் ஒற்றை விளக்கின் கீழ் கேரம் பலகை. அதைச் சுற்றி எட்டுப் பையன்கள், கண்ணெல்லாம் காய் மீது, முதுகெல்லாம் சாலைப் பக்கம். தண்ணீர் லாரி வந்துவிட்டால் எந்த நேரமானாலும் குடங்களோடு பெண்கள் ஓடி வருவார்கள். வடசென்னையில் தெரு என்பது வீட்டின் முன்னறை. உங்கள் நண்பர் அப்படி இரண்டு முன்னறைகளுக்குள் வண்டியை விட்டிருக்கிறார். நெடுஞ்சாலையில் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

'லேசாக' என்கிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. ஏறிய அளவு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கறுப்புக் காபி, தலையில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. நள்ளிரவில் 150 மில்லிகிராமோடு படுத்தவர் காலை 6 மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, மணலிக்கு வேலைக்குக் கிளம்பினால் அவர் உடம்பில் இன்னும் 60 இருக்கும். சட்டம் விட்டுக்கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. தெளிந்துவிட்டது என்று அவர் மனதார நம்புவார். அந்த நம்பிக்கையைத்தான் நான் அஞ்சுகிறேன்.

குடிக்காதவர்களும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி வருகிறவர்களைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. நழுவும் போனைப் பிடிக்க மூன்று நொடி என்றால் 33 மீட்டரைக் குருடாகவே கடந்திருப்பார்கள். நான் சொன்ன கட்டிலும் கேரம் பலகையும் அந்த 33 மீட்டருக்குள் அடங்கிவிடும். 2019இல் திருத்தப்பட்ட சட்டம், கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இங்கே ஒரு பழைய சண்டையையும் தொடர வேண்டியிருக்கிறது. எண்ணூர் பக்கம் எந்த விபத்து நடந்தாலும் "டிரெய்லர் டிரைவர் குடித்திருப்பான்" என்று இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுக வாயிலுக்காக வரிசையில் நிற்கும் அந்த மனிதரை ஒரு முறை பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வண்டி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி நகரும். கண்ணை மூடினால் பின்னால் ஹார்ன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஈடு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊதச் சொன்னால் கருவி பூஜ்யம் காட்டும். அவருக்கு வேண்டியது படுக்க இடமும் ஒரு கழிப்பறையும். கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

இனி உங்கள் நியாயம். அதே சட்டத்தின் 188ஆம் பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. அதை வைத்துத்தான் 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் உடன் வருபவர் மீதும் வழக்கு உண்டு என்று அறிவித்தார்கள். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவருக்கு நிதானம் இல்லை. அவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு இருந்தது. அந்த விருந்தில் சாவியைப் பிடுங்கக்கூடிய கை உங்களுடையது. அந்தக் கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தீர்கள். வழக்கு சரி.

நான் வளர்ந்த ராயபுரம் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். மணிக்கு இத்தனை காசு என்று வாங்கி வயிறு கழுவியவர். ஆறு மணிக்கு மேல் யார் சைக்கிள் கேட்டாலும், மூக்கை அருகில் கொண்டுபோய், "ஊதிக் காட்டப்பா" என்பார். வாடை வந்தால் சைக்கிள் கிடையாது. தெருவின் பெரிய மனிதர்களும் அவரிடம் ஊதியிருக்கிறார்கள். ஒருமுறை என் சித்தப்பா, "இரண்டு தெருதானே அண்ணே" என்று கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. "அப்படியானால் நடந்தே போய்விடலாமே தம்பி" என்று சொல்லிவிட்டு, பெரியவர் சைக்கிளைப் பூட்டினார்.