வாசகர் கேள்வி பதில்: கேமராவுக்கு முன்னால் ஒரு வெட்கம்

கேள்வி: சமீபத்தில் படித்ததில் உங்களைத் தூங்கவிடாத புத்தகம் எது?

பதில்: தூக்கமெல்லாம் நன்றாகவே வந்தது. ஆனால் ஜார்ஜ் அழகையாவின் 'எ பேசேஜ் டு ஆஃப்ரிகா'வில் சில பக்கங்களை மட்டும் மூன்று தடவை திரும்பத் திரும்பப் படித்தேன். 1955இல் கொழும்பில் பிறந்த தமிழர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு கானா, அப்புறம் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம், கடைசியில் பிபிசியில் செய்தி வாசிப்பவராக நாடறிந்த முகம். 2023இல் காலமானார். நான் சொல்லும் பக்கங்கள் 1991-92 சோமாலியப் பஞ்சத்தைப் பற்றியவை. நேற்று எடுத்த பட்டினிக் காட்சி இன்று போதவில்லை, அதைவிடக் கொடூரமாக ஒன்று வேண்டும் என்று தானும் கேமராக்காரரும் அலைந்ததை மனிதர் அப்படியே ஒப்புக்கொள்கிறார். போதைப் பழக்கம் மாதிரிதான் என்கிறார். அப்படி அலையும்போது ஒரு குடிசையிலிருந்து ஒருவர் இவரைப் பார்த்து லேசாகப் புன்னகைக்கிறார். பட்டினியில் என்ன சிரிப்பு? மொழிபெயர்ப்பாளரை அனுப்பிக் கேட்டால், இந்தக் கோலத்தில் என்னைப் பார்க்கிறீர்களே என்று வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் என்று பதில் வருகிறது. வேட்டையாடப் போனவர் அங்கே தலைகுனிந்து நிற்கிறார். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்பதுதான் அவருக்குக் கடைசிவரை உறுத்தல். செய்தியாளர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலும் அவர்களே கதாநாயகர்கள். இதில் அப்படி இல்லை.

கேள்வி: அப்பா ஓர் இனம், அம்மா ஓர் இனம் என்றால் பிள்ளை குழம்பிப்போகாதா?

பதில்: பிள்ளை எங்கே குழம்புகிறது, சுற்றியிருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். மேடை நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் 'பார்ன் எ க்ரைம்' (2016) படித்துப் பாருங்கள். அம்மா கோசா என்ற கறுப்பினத்தவர், அப்பா ஸ்விட்சர்லாந்தின் வெள்ளைக்காரர், பிறந்தது 1984இல், நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்காவில். கறுப்பரும் வெள்ளையரும் உறவு கொண்டால் சிறை என்று சட்டமே இருந்த ஊர். அதனால் வெளியே போகும்போது, மகனின் நிறத்துக்கு ஒத்துவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மா மாதிரி கூட நடக்கவிட்டு, பெற்றவள் வேலைக்காரி போலப் பின்னால் வருகிறாள். இதைக் கண்ணீர் விடாமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுதான் நோவாவின் கெட்டிக்காரத்தனம் (சில இடங்களில் மேடை நகைச்சுவை நெடி கொஞ்சம் தூக்கல், அது வேறு விஷயம்). தெருவில் சில இளைஞர்கள் இவரை வெள்ளைக்காரன் என்று நினைத்து வழிப்பறி செய்யத் திட்டம் போடுகிறார்கள், அதுவும் சூலு மொழியில். இவர் திரும்பி சூலுவிலேயே பேச, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். தோல் நிறம் செய்யாததை மொழி செய்துவிடுகிறது. இவரும் பின்னாளில் டிவிக்குத்தான் வந்தார்: 2015 முதல் 2022 வரை செய்திகளைக் கிண்டலடிக்கும் 'தி டெய்லி ஷோ'.

கேள்வி: டிவி நிருபராக ஆசை. எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பதில்: முதலில் ஆசையைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கும் புத்தகம். அமெரிக்க ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன் 1985இல் டிவியைப் பற்றி எழுதிய 'அம்யூஸிங் அவர்செல்வ்ஸ் டு டெத்'. கொலைச் செய்தியை வாசித்து முடித்த கையோடு 'அடுத்ததாக...' என்று முகம் மாறாமல் வேறொன்றுக்குத் தாவுகிறார்களே, அந்த ஒரு தாவலுக்கே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதைப் படித்த பிறகும் ஆசை போகவில்லையா? சரி, அடுத்து அழகையா.