அப்பாவோட கேமராவ கடைக்கு குடுக்கவா, புரோக்கர்கிட்ட குடுக்கவா?

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்டூடியோவ மூடிட்டாராம். வீட்ல கேனான் 5டி மார்க் 3 பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), 24-105 எல் லென்ஸ், 70-200 2.8 லென்ஸ், சின்ன 50 லென்ஸ், ஒரு ப்ளாஷ் எல்லாம் பீரோவுல இருக்கு. வேலூர்ல ஒரு கடைல மொத்தத்துக்கும் சேத்து 45 ஆயிரம்னு சொல்றாங்க, ஒரு புரோக்கர் 80க்கு பார்ட்டி இருக்கு கேமராவ மட்டும் குடு காட்டிட்டு வரேன்னு சொல்றாரு, இல்ல ஓஎல்எக்ஸ்ல நானே போடவா, எது நல்லது அண்ணானு கேள்வி.

தம்பி, மொதல்ல ஒண்ணு. அந்த புரோக்கர்கிட்ட குடுக்காதீங்க. 80 இல்ல 1 லட்சம்னு சொன்னாலும் காசு உங்க அக்கவுண்ட்ல விழுறதுக்கு முன்னாடி பொருள் உங்க கைய விட்டு போகக்கூடாது. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் இத சும்மா சொல்லல. கேமரா சர்வீஸ்தான் எனக்கு தொழில், அப்படி இருந்தும் எனக்கே நடந்துச்சு. பல வருஷம் முன்னாடி என்னோட 5டி மார்க் 2வ விக்கணும்னு இருந்தப்ப நல்லா பழகின ஒருத்தர் வந்தாரு, "இன்னாண்ணா, ஆரணில பார்ட்டி ரெடியா கீறாரு, நாலு நாள்ல காசோட வரேன்"னு சொல்லி பேக்கோட எடுத்துட்டு போனாரு. அது வைகாசி மாசம், வரிசையா முகூர்த்தம். நாலு நாள் பதினெட்டு நாளாச்சு, போன் பண்ணா பார்ட்டி வெளியூர்னு சொல்றாரு, கடைசில பார்ட்டிக்கு பிடிக்கலண்ணானு சொல்லி திருப்பி குடுத்துட்டாரு. நான் பேக்க தொறந்தா முன் ஜிப்புல ரெண்டு மூணு மஞ்சள் அரிசி, லென்ஸ் ஹூட்டுக்கு உள்ள ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அட்சதை. உடனே லேப்டாப்ல மாட்டி ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரைக்கும் எத்தன போட்டோ எடுத்திருக்குங்கற நம்பர், பாத்தேன், குடுத்தப்ப எழுதி வச்சதுக்கும் அதுக்கும் 5 ஆயிரத்துக்கு மேல வித்தியாசம். என் கேமராவ வச்சு எத்தன கல்யாணம் எடுத்தாங்கனு தெரியல, ஒரு பைசா வாடகை இல்ல, பேட்டரியும் டூப்ளிகேட்டா மாறி இருந்துச்சு. ஸ்டேஷனுக்கு போனா நீங்களாதானே குடுத்தீங்க, திருப்பியும் குடுத்துட்டாரு, இதுல என்ன கம்ப்ளைன்ட்னு கேக்குறாங்க. எழுதி வாங்கிக்கவே இல்ல. இது நம்ம பக்கம் இன்னிக்கும் நடக்குது, வாணியம்பாடில இருந்து வாலாஜா வரைக்கும் ஊருக்கு ஒருத்தர் இதையே பொழப்பா வச்சிருக்காங்க, யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.

இப்ப கடை விஷயம். 45 ஆயிரம் சொன்னவர திருடன்னு சொல்ல மாட்டேன். அவரு வாங்கி, க்ளீன் பண்ணி, நாலு மாசம் ஷோகேஸ்ல வச்சு, கொஞ்ச நாள் வாரன்டியும் குடுக்கணும், அதனால கம்மியாதான் கேப்பாரு. ஆனா மொத்தமா ஒரே ரேட்டு பேசுறாரு பாருங்க, அங்கதான் நீங்க ஏமாறுறீங்க. 5டி மார்க் 3 வந்தது 2012ல. இப்ப எல்லாரும் மிரர்லெஸ்க்கு, அதாவது உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமராவுக்கு போயிட்டாங்க, பழைய பாடி வெல வருஷா வருஷம் எறங்கிக்கிட்டேதான் போகும். லென்ஸ் அப்படி இல்ல. கேனானோட மிரர்லெஸ்ஸான புது ஆர் பாடில ஒரு அடாப்டர் மாட்டுனா உங்க பழைய இஎஃப் லென்ஸ் ஆட்டோ போகஸோட அப்படியே வேல செய்யும், அதனால 70-200 2.8ஐ இன்னிக்கும் கல்யாண போட்டோகிராபர் தேடி வாங்குவான். கடைக்காரருக்கு அது நல்லா தெரியும், பாடி ஓட்டைனு சொல்லி சொல்லியே லென்ஸயும் அந்த வெலையில அடிச்சிடுவாரு. தனித்தனியா எவ்வளவுனு கேளுங்க, பேச்சு மாறும்.

அதனால நீங்களே விக்கிறதுதான் சரி, அதுவும் தனித்தனியா. ஒண்ணே ஒண்ணு தவிர, அந்த சின்ன 50 லென்ஸ். அத தனியா போடாதீங்க, பாடி கூட சேத்து போடுங்க. ஏன்னா இன்னிக்கு 5டி மார்க் 3 வாங்க வர்றவன் யாரு, பெரிய ஸ்டூடியோக்காரன் இல்ல, புதுசா தொழிலுக்கு வர்ற பையன், காலேஜ் முடிச்சிட்டு மாமாகிட்ட கடன் வாங்கிட்டு வர்றவன். வெறும் பாடிய வாங்கிட்டு போயி அவன் ஒரு போட்டோ கூட எடுக்க முடியாது, இன்னொரு லென்ஸுக்கு எங்க போவான். 50 கூட இருந்தா வாங்கின அன்னிக்கே பொறந்தநாளோ காதுகுத்தோ போயி எடுப்பான், அதுக்காகவே பேரம் பேசாம வாங்குவான். அந்த 50ஐ தனியா வித்தா பெருசா ஒண்ணும் கெடைக்காது, ஆனா பாடிய சீக்கிரம் தள்ளி விடும். 24-105ஐ இதே மாதிரி சேக்கலாமேனு தோணும், சேக்காதீங்க, அதுக்கு தனி ஆளு வருவான்.

வெல எப்படி வைக்கிறதுனா, சென்னை கடைங்க பழைய கேமராவ என்ன ரேட்டுக்கு விக்கிறாங்கனு ஆன்லைன்ல போட்டிருப்பாங்க, அதே மாடல் பாருங்க. அதுக்கும் உங்க கடைக்காரர் சொன்னதுக்கும் நடுவுல உங்க ரேட்டு. கடை வாரன்டி தரும், நீங்க தர மாட்டீங்க, அதனால கடை ரேட்டே எனக்கும் வேணும்னு நின்னா பொருள் பீரோவுலயேதான் இருக்கும்.

எங்க போடுறதுனா, ஓஎல்எக்ஸ்க்கு முன்னாடி போட்டோ வீடியோகிராபர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, அப்பா பழைய மெம்பரா இருப்பாரு. இன்னாரு கேமரானு தெரிஞ்சா நம்பி வாங்குவாங்க. கார்த்திகை கடைசில இருந்து பொங்கலுக்குள்ள போட்டா தை முகூர்த்தத்துக்கு ஆளு ரெடியாகுற நேரம், நல்லா போகும். ஆடில போடாதீங்க, எவன் கைலயும் காசு இருக்காது.

போடுறதுக்கு முன்னாடி லென்ஸ பாருங்க. பீரோவுல லெதர் கவரோட வச்சிருந்தா, மழைக்காலத்துல உள்ள பூஞ்சை பிடிக்கும். ரெண்டு மூடியையும் கழட்டிட்டு பின்னாடி இருந்து செல்போன் டார்ச் அடிச்சு முன்னாடி பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பூஞ்சை, புள்ளி புள்ளியா இருந்தா தூசி, தூசிக்கு பயப்பட வேணாம். அப்புறம் 24-105 பழைய மாடலா இருந்தா அதுல ஒரு வியாதி உண்டு, உள்ள அப்பர்ச்சர் (வெளிச்சத்த கூட்டி கொறைக்கிற ஓட்டை) கேபிள் விட்டுப்போயி எர்ரர் 01 காட்டும். அப்பர்ச்சர 8ல வச்சு, ஜூம 24லயும் எடுங்க 105லயும் எடுங்க. எர்ரர் வந்தா மறைக்காதீங்க, சொல்லிட்டு வெலய கொறைங்க. ஷட்டர் கவுண்ட் எல்லாரும் கேப்பாங்க. நிக்கான் மாதிரி போட்டோவ வச்சு இதுல கண்டுபிடிக்க முடியாது, கேபிள் போட்டு லேப்டாப்ல சாப்ட்வேர் வச்சுதான் பாக்கணும், தெரிஞ்ச சர்வீஸ்காரர் அஞ்சு நிமிஷத்துல பாத்து சொல்வாரு. இந்த மாடல் ஷட்டருக்கு கம்பெனி சொன்ன ஆயுசு 1.5 லட்சம் போட்டோ. தாண்டி இருந்தாலும் செத்துடுச்சுனு அர்த்தம் இல்ல, ஆனா நம்பர உள்ளபடி சொல்லுங்க.

ஆன்லைன்ல போட்ட பத்து நிமிஷத்துல ஒரு போன் வரும். நேவில இருக்கேன், அரக்கோணம் பேஸ்ல இருக்கேன், ஐடி கார்டு பாருங்க, வெளிய வர முடியாது, பேமென்ட் அனுப்புறேன் இந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணுங்கனு ஹிந்தில கொஞ்சம் தமிழ்ல கொஞ்சம் பேசுவான். நம்ம மாவட்டம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள அனுப்புன மண்ணு, யூனிபார்ம் போட்டோவ பாத்ததும் நம்ம மனசு எளகிடும், அதத்தான் அவன் பிடிக்கிறான். தம்பி, காசு வாங்குறதுக்கு ஸ்கேனும் வேணாம் பின் நம்பரும் வேணாம், பின் போட்டா உங்க காசுதான் போகும். தப்பித் தவறி போயிடுச்சுனா அடுத்த நிமிஷமே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க.

இன்னொருத்தன் காட்பாடி ஸ்டேஷனுக்கு வர சொல்வான், ட்ரெயின் வந்துடுச்சு அண்ணா, பேமென்ட் போட்டுட்டேன் ஸ்க்ரீன்ஷாட் பாருங்கனு அவசரப்படுத்துவான். ஸ்க்ரீன்ஷாட், எஸ்எம்எஸ் ரெண்டும் காசு இல்ல. உங்க பேங்க் ஆப்ப தொறந்து பேலன்ஸ் ஏறிடுச்சானு பாருங்க. பகல்ல வர சொல்லுங்க, உங்க பேங்குக்கு உள்ளயே உக்காந்து முடிங்க. வாங்குறவன் சொந்த அக்கவுண்ட்ல இருந்துதான் அனுப்பணும், ஆதார்ல இருக்கற பேரும் அனுப்புற பேரும் ஒண்ணா இருக்கணும், ப்ரெண்டு அனுப்புவான்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. ஏன்னா அது எங்கயோ ஏமாத்தின காசா இருந்து, வேற ஸ்டேட்ல ஒருத்தர் கம்ப்ளைன்ட் குடுத்தா, உங்க அக்கவுண்ட முடக்கிடுவாங்க. பேங்க்ல கேட்டா போலீஸ்னு சொல்வாங்க, போலீஸ்ல கேட்டா அந்த ஊருக்கு மெயில் போடுங்கனு சொல்வாங்க, கேமராவ வித்த பாவத்துக்கு நீங்க மாசக்கணக்குல அலையணும்.

பில்லு இல்லனு பயப்படாதீங்க. வெள்ள பேப்பர்ல பாடி நம்பர், லென்ஸ் நம்பர், தேதி, தொகை எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அவரோட ஆதார் காப்பி ஒண்ணு வாங்கி வைங்க. வாடகைக்கு எடுத்த கேமராவ விக்கிற கூட்டம் அதிகமாயிடுச்சு, அதனால வாங்குறவருக்கும் இந்த பேப்பர் வேணும். மெமரி கார்ட மட்டும் கூட குடுத்துடாதீங்க, பார்மட் பண்ணாலும் பழைய போட்டோவ திருப்பி எடுத்துடலாம், அதுல இருக்கறது ஊர் பொண்ணுங்களோட கல்யாண போட்டோ, அப்பாவ நம்பி நின்னவங்க.

இந்த வாரம் 70-200ல டார்ச் அடிச்சு பாத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க, பூஞ்சையா தூசியானு சொல்றேன், அதுக்கப்புறம் ரேட்டு போடலாம்.