விக்கிப்பீடியாவை மேய்ந்து மேய்ந்து பிறந்த பேச்சுவழக்குச் சொற்கள் என்னென்ன? நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

ஒரு நாள் இரவு என் மகள் கேட்டாள்: "பென்சிலுக்குள்ளே இருப்பதை இங்கிலீஷில் லெட் என்கிறார்களே, லெட் என்றால் ஈயம்தானே, கடித்தால் விஷமா?" கிராஃபைட்டைத்தான் முதலில் ஒருவகை ஈயம் என்று நினைத்துவிட்டார்கள், பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. விக்கிப்பீடியாவில் இதைப் பார்த்துச் சொல்ல 2 நிமிடம் ஆயிற்று. அவள் தூங்கப் போய்விட்டாள். நான் போகவில்லை.

கிராஃபைட்டும் வைரமும் ஒரே கார்பன் என்று அடுத்த வரியில் இருந்தது. சரி, வைரம் என்ற இணைப்பைத் தொட்டேன். வைரத்தை எரித்தால் கரியை எரித்தால் வரும் அதே வாயுதான் வரும் என்று காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். அவரைத் தொட்டால், 1794-இல் கில்லட்டினில் தலை போனது என்கிறது. கில்லட்டினைத் தொட்டேன். பிரான்சில் அது கடைசியாக இறங்கியது 1977 செப்டம்பர் 10. என்னது, 1977-ஆ என்று அந்த ஆண்டின் பக்கத்துக்கே போனேன். அங்கே செப்டம்பர் 5-இல் வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியிருக்கிறது! சூரியக் குடும்பத்தைத் தாண்டப்போகும் கலத்தை அனுப்பிய அதே வாரத்தில் பூமியில் ஒருவர் தலையைக் கத்தி போட்டு இறக்கியிருக்கிறார்கள். நேரம் பார்த்தேன், மணி ஒன்றரை.

இந்த நிலைக்குத்தான் ஆங்கிலத்தில் விக்கி ஹோல் என்று பெயர். 1865-இல் வந்த ஆலிஸ் கதையில் அந்தப் பெண் முயலின் பின்னால் ஓடி வளைக்குள் விழுவாள் அல்லவா, அதிலிருந்து வந்த ராபிட் ஹோல்தான் இதற்குத் தாய். இன்னொரு சொல் விக்கி வாக். விழுவதில்லை, நடந்து போகிறோம் என்பது அந்தக் கட்சி.

எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. குழியில் விழுபவன் ஒரே திசையில் கீழே போவான். நான் எங்கே ஆழமாகப் போனேன்? லவாய்சியரின் வேதியியலில் ஒரு பத்தியாவது ஒழுங்காகப் படித்தேனா? இல்லை. ஒரு வாய் கடித்து, தலையைத் தூக்கி, அடுத்த செடிக்குத் தாவினேன். அதற்குத் தமிழில் ஏற்கெனவே மேய்தல் இருக்கிறது. இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கில பிரௌஸும் முதலில் ஆடு மாடு சமாச்சாரம்தான். இளந்தளிரைக் கடித்துத் தின்பது என்பது அதன் பழைய பொருள். அங்கே அந்தப் பொருளை இன்று யாரும் நினைப்பதில்லை. நம் சொல்லில் மட்டும் ஆடு இன்னும் உயிரோடு இருக்கிறது. நுனிப்புல் மேய்கிறான் என்று திட்டுவதற்கும் அதே சொல்தான், அதனால் குற்ற உணர்ச்சியும் இலவசமாகச் சேர்ந்துவிடுகிறது.

விக்கி என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். ஹவாய் மொழியில் அதற்கு வேகம் என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் விக்கி விக்கி என்ற பெயரில் ஓடிய பேருந்தை நினைத்து வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர், படிப்பவர்களே திருத்தி எழுதக்கூடிய தன் தளத்துக்கு 1995-இல் அந்தப் பெயரை வைத்தார். விக்கிப்பீடியா வந்தது 2001-இல். தமிழ்க் காதுக்கு மட்டும் அது விக்கலாகக் கேட்பதற்கு அவர் பொறுப்பில்லை. விக்கிப்பீடியாவைச் சுருக்கி வெறும் விக்கி என்று சொன்னால் அங்கே தொகுப்பவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். விக்கி என்பது ஒருவகைத் தளத்துக்குப் பொதுப்பெயர், ஒரு தளத்துக்கு உரியது அல்ல என்பது அவர்கள் வழக்கு. நியாயம்தான். ஆனால் பேச்சில் யார் கேட்கிறார்கள்?

தளத்தை விட்டு வெளியேறி ஊர் சுற்றும் சொல் என்றால் என் ஓட்டு 'சான்று தேவை'க்குத்தான். ஆதாரம் காட்டாத வரிக்குப் பின்னால் தொகுப்பவர்கள் ஒட்டும் சின்னக் குறிப்பு அது. 2007-இல் ராண்டல் மன்ரோ வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தில், அரசியல்வாதி மேடையில் முழங்கிக்கொண்டிருக்க, கூட்டத்தில் ஒருவர் இதை எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்திருப்பார். பொய் சொல்கிறாய் என்றால் சண்டை வரும். சான்று தேவை என்றால் சிரிப்பு வரும். என் மைத்துனர் தன் கல்லூரிக் கால வீரக்கதையை ஆரம்பித்தால் நாங்கள் நான்கு பேரும் ஒரே குரலில் இதைத்தான் சொல்வோம்.

அதே மன்ரோ 2011-இல் உண்டாக்கிய சொல் சைட்டோஜெனசிஸ், அதாவது சான்று பிறக்கும் கதை. ஒருவர் விக்கியில் கதை விடுகிறார். ஒரு பத்திரிகையாளர் அவசரத்தில் அதை எடுத்து எழுதுகிறார். பிறகு அந்தப் பத்திரிகையையே சான்றாக விக்கியில் சேர்க்கிறார்கள். பொய்க்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இது வெறும் கற்பனை இல்லை. கோவாட்டி என்ற விலங்குக்கு பிரேசிலிய ஆர்ட்வார்க் (ஆர்ட்வார்க் என்பது வேறொரு விலங்கு) என்றும் ஒரு பெயர் உண்டு என்று 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாகச் சேர்த்தார். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் நாளிதழ்களில் வர ஆரம்பித்துவிட்டது. இதற்குத் தமிழில் நல்ல சொல் கிடைத்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். 'வால் கடித்த சான்று' என்று நான் சொல்லிப் பார்த்தேன், யாரும் மதிக்கவில்லை.

தொகுப்பவர்களுக்குள் புழங்கும் சொற்கள் தனி உலகம். சத்தமில்லாமல் காற்புள்ளியும் எழுத்துப்பிழையும் திருத்திக்கொண்டே இருப்பவர் விக்கி நோம், அதாவது விக்கிக் குள்ளர். கொள்கைப் பக்கங்களை வரி வரியாக எடுத்து வைத்து வாதாடுபவர் செய்வது விக்கி லாயரிங். மாறி மாறி அழித்து எழுதினால் எடிட் வார். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அங்கே பொது உரையாடல் நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். ஆங்கிலத்தில் அதை வில்லேஜ் பம்ப் என்கிறார்கள். குழாயடி என்று மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கிருந்து நான் திருடிக்கொண்டது சிவப்பு இணைப்பு. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்குப் போகும் இணைப்பு சிவப்பாகத் தெரியும்: பெயர் இருக்கிறது, பக்கம் இல்லை. அலுவலகத்தில் மூன்று மாதமாக வரப்போகிறார், வரப்போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த புதிய மேலாளரை அப்படித்தான் அழைத்தோம். அவர் வந்த அன்று ஒருத்தி "நீலமாயிட்டார்" என்று செய்தி அனுப்பினாள். அப்புறம் அவரிடம் இதை விளக்க வேண்டியதாயிற்று, அது வேறு கதை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில்: எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிய சொல் ஒன்று உண்டு. அந்த இரவுக்கு மறுநாள் நான் காலையில் எழவில்லை. விண்கலம், கில்லட்டின் என்று மகளிடம் காரணம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "நான் பென்சிலைத்தானே கேட்டேன்?" என்றாள். அன்றிலிருந்து யார் கண் சிவந்து வந்து நின்றாலும் கேள்வி ஒன்றுதான்: "என்ன, ராத்திரி பென்சிலா?"