லண்டன்–நியூயார்க்: தூரம் ஒன்றுதான், போக வர நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

விமான தூரம் என்பது, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தாற்போன்ற மிகக் குறுகிய தூரம். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு அது சுமார் 5,540 கி.மீ. ஆனால் நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடிக்கும். திரும்பும்போது பெரும்பாலும் ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

காரணம் காற்று. அட்லாண்டிக் கடலுக்கு மேலே, சுமார் 10 கி.மீ. உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனும் வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: மிதி அதேதான், ஊர்தான் வந்து சேராது. 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது! அதனால்தான் சில நாட்களில் குறுகிய பாதையை விட்டுச் சற்றுச் சுற்றிப் போவதே விமானங்களுக்கு லாபம். நேரமும் மிச்சம், எரிபொருளும் மிச்சம்.

விமானம் பறக்கும்போது கீழே பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காற்று மண்டலமும் அதில் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.